ஆறு மில்லிமீட்டர்

இரண்டு மாதத்துக்கு என்று சொல்லித்தான் அவளை வேலைக்கு எடுத்தார்கள். அலமாரி நிறைய அட்டைகள் இருந்தன. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் போய்விட வேண்டும். அவள் ஏற்றி முடிப்பதற்குள் புது அட்டைகள் சேர்ந்துவிட்டன. அவற்றையும் ஏற்றினாள். அப்படியே பதினோரு வருடம் ஓடிவிட்டது. போகச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அவளும் ஞாபகப்படுத்தவில்லை. அட்டையக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அட்டைகளை ஏற்றியதாலா, வந்த இடத்தில் ஒட்டிக்கொண்டதாலா என்று அவள் விசாரிக்கவில்லை.

அது செயற்கைக் கால் செய்கிற இடம். ஒரே வரிசையில் நான்கு அறைகள். முதல் அறையில் டாக்டர். முழங்காலுக்குக் கீழே மிச்சமிருக்கும் காலின் சுற்றளவை நாடா வைத்து அளந்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதுவார். இரண்டாவது அறை அவளுடையது. சீட்டில் இருப்பதை ஏற்றிவிட்டு, சீட்டைக் கம்பியில் குத்தி வைப்பாள். மூன்றாவது அறையில் பிளாஸ்டர்காரர் அந்த அளவுக்கு அச்சு எடுத்து, கால் நுழைகிற கிண்ணத்தைச் செய்வார். தலை நரைத்திருக்கிறதா, மாவு படிந்திருக்கிறதா என்று சட்டென்று சொல்ல முடியாத மனிதர். நான்காவது அறையில் பொருத்துகிறவன். கிண்ணத்தோடு குழாயையும் பாதத்தையும் இணைத்து, இரண்டு கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே ஆளை நடக்கவிட்டுப் பார்ப்பான். முப்பத்தைந்து வயது. அவளை அக்கா என்பான். பிளாஸ்டர்காரரை அவள் அண்ணே என்பாள். டாக்டரை எல்லோருமே டாக்டர் என்றார்கள். அவர் வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று பிளாஸ்டர்காரர் சொல்வார்.

பிளாஸ்டர் அறையிலும் பொருத்தும் அறையிலும் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் இருந்தது. திங்கட்கிழமை காலையில் அட்டையக்கா பென் டிரைவை எடுத்துக்கொண்டு இரண்டு அறைக்கும் போய்ப் புதிதாக வந்தவர்களின் விவரத்தை ஏற்றிவிட்டு வருவாள். பிறகு அவரவர் பைல் அவரவருக்கு. யார் என்ன திருத்தினாலும் அது அந்த அறையின் நாலு சுவருக்குள்தான்.

ஒரு நாள் பொருத்துகிறவன் ஒருவருக்குப் போன் போட்டு, கால் தயார், வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றான். போனை எடுத்தது மகள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, அப்பா போய் மூணு மாசமாச்சே, உங்க ஆபீசுக்குச் சொன்னோமே என்றாள். சொல்லியிருந்தார்கள். அட்டையக்காவின் பைலில் இறந்த தேதி இருந்தது. நான்காவது அறையின் பைலில் அவர் உயிரோடு இருந்தார்.

அன்று மத்தியானம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. மறுநாள் டாக்டரின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"மூணு கம்ப்யூட்டரையும் வயர் போட்டு இணைச்சுடலாம் டாக்டர். பைல் ஒண்ணே ஒண்ணு என் மெஷின்ல இருக்கும். எல்லாரும் அதையே பாப்பாங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கம்ப்யூட்டரோடு அவருக்குச் சண்டையும் இல்லை, சகவாசமும் இல்லை.

"ஆணி கீணி அடிச்சு சுவத்தைக் கெடுக்காதீங்க. ஒரு மாசம் பாப்போம். சரிவரலேன்னா கழட்டணும்ல."

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய கணவன் வந்து வேலை செய்தான். அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். வயர் இழுக்கிறது, பல்பு மாட்டுகிறது எல்லாம் அவனுக்குக் கைவந்த கலை என்று அவனே சொல்லிக்கொள்வான். கல்லூரியில் படிக்கிற மகள் போனைப் பார்த்துப் படிக்க, அவன் இழுத்தான். நீல வயர். ஆணிக்கு அனுமதி இல்லாததால், கட்டுப் போடுகிற வெள்ளை டேப்பைச் சாணுக்கு ஒன்றாகக் கிழித்துச் சுவரோரமாக ஒட்டினார்கள். வாசற்படிகளில் மட்டும் தரையோடு தரையாக ஒட்டிவிட்டார்கள்.

"அடிபட்டவனுக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருக்கு" என்றான் கணவன். "பொழைச்சுக்கும்."

பிழைப்பது சந்தேகமாகத்தான் இருந்தது முதல் வாரம். ஒருவர் பைலைத் திறந்துவிட்டால் மற்றவர்களை அது உள்ளே விடவில்லை. வேறொருவர் உபயோகத்தில் இருக்கிறது என்று ஒரு கட்டம் வந்து நின்றது. அறைக்கு அறை குரல் போக ஆரம்பித்தது.

"உள்ள யாரு?"

"நான்தான். ரெண்டு நிமிஷம்."

"உள்ள போய் அரைமணி நேரமாச்சு அண்ணே. தண்ணி ஊத்திட்டு வெளிய வாங்க."

கால் அளவு கொடுக்க வந்திருந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. வாசற்படியைத் தாண்டும்போது ஒவ்வொரு தடவையும் அவருடைய செருப்பு வயரில் உரசியது. ஒவ்வொரு தடவையும் குனிந்து அதைப் பார்த்தார்.

அவள் இரண்டு நாள் புத்தகத்தையும் மகளையும் வைத்துக்கொண்டு மாரடித்தாள். பிறகு பிடிபட்டது. விவரங்கள் இருக்கும் பைலை மட்டும் தன் கம்ப்யூட்டரில் வைத்தாள். பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் உள்ள திரையை வேறாகப் பிரித்து ஒவ்வொரு அறைக்கும் ஒன்று கொடுத்தாள். அலமாரி ஒன்று, கதவு மூன்று. ஒருவர் ஒரு ஆளின் விவரத்தைத் திறந்து வைத்திருந்தால் அந்த ஒரு ஆளுக்குத்தான் காத்திருக்க வேண்டும். கூச்சல் நின்றுவிட்டது.

"பழைய பைலெல்லாம் அழிச்சிடுங்க" என்று இரண்டு அறையிலும் சொன்னாள். "இனிமே ஒண்ணுதான்."

"அழிச்சாச்சு" என்றார் பிளாஸ்டர்காரர்.

"எப்பவோ அழிச்சுட்டேன்க்கா" என்றான் பொருத்துகிறவன்.

மூன்று வாரம் நன்றாகப் போயிற்று. யாராவது போன் நம்பர் மாறிவிட்டது என்று சொன்னால் அவள் திருத்துவாள். சுவருக்கு அந்தப் பக்கம் அப்போதே மாறிவிடும். வேலை இல்லாத நேரத்தில் அவள் சும்மா ஒரு நம்பரைத் திறந்து பார்த்துக்கொள்வாள். ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. பிளாஸ்டர்காரர் அடிக்கடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"இந்த மாசம் அவனுக்கு என்னமோ பிடிச்சிருக்கு. நான் செஞ்சு அனுப்புற கிண்ணத்தையெல்லாம் சின்னதுன்னு திருப்பி அனுப்புறான்."

கோடைக்கு இரண்டு பேருக்கும் தலை சூடாகிவிட்டது போலும் என்று அவள் விட்டுவிட்டாள்.

அப்புறம்தான் பெயிண்டரின் கால் வந்தது.

பெயிண்டர் சாரத்திலிருந்து விழுந்து காலை இழந்தவர். வாய் மட்டும் சேதாரமில்லாமல் தப்பித்துவிட்டது. முதல் தடவை வந்தபோது, கிண்ணம் இன்னும் சரியாகவில்லை, போய் வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது தடவை, ஒரு செவ்வாய்க்கிழமை, செயற்கைக் காலை மாட்டிக் கம்பிகளுக்கு நடுவே நிறுத்தினார்கள். இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவது எட்டில் கால் அவரோடு வரவில்லை. அது நின்ற இடத்திலேயே நின்றது. பொருத்துகிறவன் பாய்ந்து பிடித்துக்கொண்டான்.

பெயிண்டர் கம்பியைப் பிடித்தபடி குனிந்து கிண்ணத்துக்குள் பார்த்தார்.

"தம்பி, இது காலா, பெயிண்டு வாளியா? வாளின்னா சொல்லுங்க, எனக்கு உபயோகப்படும்."

அதே நேரம் டாக்டர் நாடாவோடு வந்தார். கிண்ணத்தின் உள்சுற்றளவை அளந்தார். 330 மில்லிமீட்டர். பெயிண்டரின் காலை மறுபடி அளந்தார். 312. நாடாவைச் சுருட்டிக்கொண்டு நேராக இரண்டாவது அறைக்குப் போனார்.

"நான் எழுதிக் கொடுத்தது எத்தனை?"

அட்டையக்கா கம்பியிலிருந்து சீட்டை எடுத்தாள். 312. திரையைத் திறந்தாள். 330.

"நீங்க தப்பா ஏத்தினீங்களா?"

"இல்ல டாக்டர்." சொன்ன பிறகு அவளுக்கே நிச்சயமில்லாமல் போயிற்று. "எனக்குத் தெரிஞ்சு இல்ல."

"பதினோரு வருஷத்துல இப்படி ஆனதில்ல. இந்த மாசம் ஆகியிருக்கு." அவர் குரல் உயரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "வெள்ளிக்கிழமை அவரை வரச் சொல்லியிருக்கேன். அதுக்குள்ள எப்படி ஆச்சுன்னு தெரியணும், அவர் காலும் சரியா இருக்கணும். இல்லேன்னா வயரைக் கழட்டிடுங்க. பழையபடியே இருக்கட்டும்."

பழையபடி என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். போனின் அந்தப் பக்கம் அந்தப் பெண் பேசாமல் இருந்த கொஞ்ச நேரம்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கணவன் கேட்டான்: "வயர்ல போகும்போது எண்ணு பெருக்குமா என்ன? தண்ணி பட்ட மரம் மாதிரி?"

"விளையாடாதீங்க."

"நான் இழுத்த வயர். எனக்கும் பேரு கெடுதுல்ல."

புதன்கிழமை காலையில் அவள் இந்த மாதத்துச் சீட்டுகளை எல்லாம் கம்பியிலிருந்து கழற்றித் திரையோடு ஒத்துப் பார்த்தாள். ஒன்பது பேர். ஒருவருடைய அளவு கூடச் சீட்டில் இருந்தபடி இல்லை. ஐந்து பேருக்குப் பதினெட்டு கூடியிருந்தது. நான்கு பேருக்கு ஆறு கூடியிருந்தது. அவள் அந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதிவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் தவறித் தட்டினால் ஒன்றுக்கு ஒன்று சம்பந்தமில்லாமல் தவறும். இது தவறு மாதிரி இல்லை. யாரோ ஒழுங்காகச் செய்த வேலை மாதிரி இருந்தது.

மூன்றாவது அறைக்குப் போனாள். பிளாஸ்டர்காரர் அச்சை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்க பழைய பைல் இருக்கா?"

"அன்னைக்கே அழிச்சாச்சேம்மா."

"அண்ணே."

அரம் நின்றது.

"ஒரு ஓரமா இருக்கு" என்றார். "ஒரு பாதுகாப்புக்குத்தான். உன் வயர் மேல நம்பிக்கையில்லாம இல்ல."

திரையின் மூலையில் 'ஒண்ணும் இல்ல' என்று பெயர் வைத்த ஒரு போல்டரைத் திறந்து காட்டினார். உள்ளே பழைய பைல் முழுசாக இருந்தது. அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்து அவர் தேய்க்கிற மாதிரி பாவனை செய்தார். அவளுக்குக் கோபம் வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் பைலில் இருந்த போன வருடத்து ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். தன்னிடம் 290 என்றால் இங்கே 296. தன்னிடம் 305 என்றால் இங்கே 311. எல்லோருக்கும் ஆறு.

"இது என்னண்ணே ஆறு?"

"எது?"

"டாக்டர் எழுதினதை விட உங்க பைல்ல எல்லாருக்கும் ஆறு மில்லி கூட இருக்கு."

"உறைக்கு" என்றார் அவர், இது கூடத் தெரியாதா என்கிற மாதிரி. "டாக்டர் வெறும் காலை அளக்குறாரு. ஆளு கம்பளி உறை போட்டுக்கிட்டுல்ல கிண்ணத்துல காலை விடுவான்? அந்தக் கனத்துக்கு ஆறு கூட்டிக்கணும். நான் பைல்லயே கூட்டி எழுதிக்குவேன். மறக்காது பாரு."

"அது டாக்டருக்குத் தெரியுமா?"

"முப்பது வருஷமா செய்றேன். யாரு கேட்டா?"

அவள் எழுந்து நான்காவது அறைக்குப் போனாள். அங்கே பழைய பைல் ஒளித்துக்கூட வைக்கப்படவில்லை. அழித்துவிட்டதாகச் சொன்னதையே பொருத்துகிறவன் மறந்திருந்தான். அதிலும் எல்லோருக்கும் ஆறு கூடியிருந்தது.

"உறைக்குக்கா" என்றான். "கிண்ணம் வந்ததும் உள்ள அளந்து பாப்பேன். டாக்டர் அளவோட ஆறு கூட்டுனா எத்தனையோ அத்தனை இருக்கணும். அதான் முதல்லயே கூட்டி வச்சுக்குவேன். ஒத்துவராத கிண்ணத்தை நான் ஆளு மேல ஏத்தமாட்டேன்."

அவள் கதவுநிலையில் சாய்ந்துகொண்டாள். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

இரண்டு பேரும் நடுவில் ஒரே ஒரு சுவரை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் ஒரே ஆறைக் கூட்டியிருக்கிறார்கள். இவர் கூட்டுவது அவனுக்குத் தெரியாது. அவன் கூட்டுவது இவருக்குத் தெரியாது. இவர் தன் பைலில் 312ஐ 318 ஆக்கிக் கிண்ணம் செய்வார். அவன் தன் பைலில் 312ஐ 318 ஆக்கி அளந்து பார்ப்பான். ஒத்துப்போகும். கெட்டிக்காரத்தனமாக ஒத்துப்போகும்.

வயர் வந்ததும் அளவை எழுதுகிற பெட்டி மூன்று அறைக்கும் ஒன்றாகிவிட்டது. பிளாஸ்டர்காரர் 312ஐ 318 ஆக்கினார். பொருத்துகிறவன் அந்த 318ஐ டாக்டர் எழுதியது என்று நினைத்து 324 ஆக்கினான். வந்த கிண்ணம் சின்னது என்று திருப்பி அனுப்பினான். பிளாஸ்டர்காரர் திறந்து பார்த்தார். 324. டாக்டர் மறுபடி அளந்திருக்கிறார் போலும் என்று நினைத்துத் தன் பங்குக்கு ஆறு போட்டு 330க்குச் செய்து கொடுத்தார். தான் ஏற்கெனவே கூட்டியாகிவிட்டது என்பதால் பொருத்துகிறவன் மறுபடி கூட்டாமல் அளந்தான். திரையிலும் 330, கிண்ணத்திலும் 330. திருப்தியாகிவிட்டது.

இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு, தாளில் அந்த நான்கு எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டினாள்.

"நீ கூட்டுவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் பிளாஸ்டர்காரர்.

"நீங்க கேட்டீங்களா?"

"நீ சொன்னியா?"

"பக்கத்து ரூம்தானே அண்ணே, ஒரு நாளு எட்டிப் பாத்திருக்கலாம்ல."

"ஏன், உனக்குக் காலு இல்லையா?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் இருமினார். பிளாஸ்டர்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

டாக்டரிடம் அவள் தனியாகத்தான் போனாள். தாளை மேஜையில் வைத்து, நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னாள். அவர் எண்களின் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே இறங்கினார்.

"இன்னும் எத்தனை பேருக்கு இப்படி?"

"கிண்ணம் பெரிசாப் போனது அஞ்சு பேருக்கு. பெயிண்டரைத் தவிர நாலு பேரும் அடுத்த வாரம்தான் வரணும். அதுக்குள்ள மாத்திடலாம்னு அண்ணன் சொல்றாரு. மிச்ச நாலு பேருக்கு ஒரு தடவைதான் கூடியிருக்கு. அது இருக்க வேண்டியதுதான்."

"தப்பு யாரோடது?"

"என்னோடது" என்றாள். "வயரை இழுக்குறதுக்கு முன்னாடி, நீங்க எப்படி வேலை செய்றீங்கன்னு ரெண்டு பேரையும் கேட்டிருக்கணும். கேக்கல. பைலை ஒண்ணாக்கினா போதும்னு நினைச்சுட்டேன்."

டாக்டர் தாளை மடித்தார். திருப்பிக் கொடுக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை பாப்போம்" என்றார்.

சாப்பிடும்போது கணவனிடம் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு மகளைப் பார்த்தான்.

"போன மாசம் நம்ம வீட்டுல நடந்ததுதான். அம்மா உப்புப் போட்டா. நீ வந்து போட்டே. நான் வந்து, பாவம் இவங்களுக்கு வேலை மிச்சம்னு நானும் போட்டேன்."

"அதை அப்பா மட்டும் நல்லாயிருக்குன்னு சாப்பிட்டீங்க" என்றாள் மகள்.

"நான் போட்டதாச்சே."

வியாழக்கிழமை முழுவதும் அவள் திரையை மாற்றிக்கொண்டிருந்தாள். ஒரு பெட்டி இருந்த இடத்தில் மூன்று பெட்டி வைத்தாள். முதல் பெட்டி டாக்டருடைய அளவு. அவள் ஏற்றியதும் பூட்டிக்கொள்ளும், வேறு எந்த அறையிலிருந்தும் தொட முடியாது. இரண்டாவது, உறைக்குக் கூட்டியது. பிளாஸ்டர் அறையில் மட்டும் திறக்கும். மூன்றாவது, மாட்டிப் பார்த்ததில் கூடியது அல்லது குறைந்தது. பொருத்தும் அறையில் மட்டும். கடைசியில் மொத்தம். அதை யாரும் எழுத வேண்டாம், அதுவே போட்டுக்கொள்ளும்.

மாற்றுவதற்கு முன் இந்தத் தடவை இரண்டு பேரையும் உட்காரவைத்துக் கேட்டாள். வேறு எதையாவது மனதுக்குள் கூட்டுகிறீர்களா, கழிக்கிறீர்களா? பொருத்துகிறவன் யோசித்துவிட்டு இல்லை என்றான். பிளாஸ்டர்காரர் யோசிக்க அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

"வயசானவங்களுக்கு எட்டு கூட்டுவேன், மேல உள்ள ரெண்டைப் பைல்ல எழுதமாட்டேன்" என்றார் கடைசியில். "அவங்க ரெண்டு உறை போடுவாங்க, குளிருதுன்னு."

"அது எனக்குத் தெரியாதே" என்றான் பொருத்துகிறவன். "அதான் அவங்களுது மட்டும் ரெண்டு மில்லி எப்பவும் தள்ளியிருக்குமா? அண்ணனுக்குக் கை நடுங்குதுன்னு நினைச்சு விட்டுடுவேன்."

"எனக்கா கை நடுங்குது?"

"அதான் சொல்லலை."

பிளாஸ்டர்காரர் புதுத் திரையில் தன் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருடமாக அவருடைய கைக்குள் இருந்த ஒன்று அங்கே எழுத்தில் இருந்தது. ஒரு விரலால் 6 என்று தட்டினார். மொத்தத்தில் 318 வந்தது. அதைத் துடைத்துவிட்டு மறுபடி தட்டிப் பார்த்தார். மறுபடியும் 318. அந்த அளவுக்கே பெயிண்டரின் கிண்ணத்தைப் புதிதாகச் செய்தார்.

வெள்ளிக்கிழமை பெயிண்டர் ஒரு மணி நேரம் முந்தியே வந்துவிட்டார். பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றுக்கு வெள்ளையடிக்கிறார்கள், கீழே நின்று கதவு ஜன்னலுக்கு வர்ணம் அடிக்கிற வேலையை மேஸ்திரி தனக்காக நிறுத்தி வைத்திருக்கிறார் என்று பெஞ்சில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அட்டையக்கா தன் அறையை விட்டு நகரவில்லை. நான்காவது அறையின் சத்தம் கேட்கும்படி கதவைத் திறந்து வைத்திருந்தாள். முதலில் உறையை மாட்டுகிற நேரம். பிறகு பட்டையை இழுக்கிற சத்தம். டாக்டர் ஏதோ சொன்னார். பிறகு செருப்புச் சத்தம். ஒன்று ரப்பர், ஒன்று மரம் மாதிரி. ஒன்று, இரண்டு, மூன்று. அவள் எண்ணினாள். கோடியில் திரும்புகிற சத்தம் கேட்டது. மறுபடி ஒன்று, இரண்டு.

"வாளி மாதிரி இருக்கா?" என்று பொருத்துகிறவனின் குரல்.

"இல்ல தம்பி. என் கால் மாதிரியும் இல்ல. ஆனா கூடவே வருது." கொஞ்சம் பொறுத்து, "ஏணில ஒரு படி ஏறிப் பாக்கவா?"

"ஏணியைப் பத்தி ஆறு மாசம் கழிச்சுப் பேசுவோம். இப்ப நடங்க."

அவளுடைய திரையில் மூன்றாவது பெட்டியில் ஒரு சைபர் வந்து உட்கார்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டர்காரரின் குரல் எழுந்தது.

"சரியா இருந்துச்சாப்பா?"

"சைபர் போட்டிருக்கேனே, பாக்கலையா?"

"பாத்தேன். வாயாலயும் ஒரு தடவை சொல்லேன்."

"சரியா இருக்குண்ணே."

டாக்டர் திரும்பி வந்தார். அவளுடைய வாசற்படியில் அவர் செருப்பு வயரில் மாட்டியது. வெள்ளை டேப் ஒரு பக்கம் பிய்ந்து எழும்பியிருந்தது. அவர் நின்று, குனிந்து, எப்போதும் போல அதைப் பார்த்தார்.

"இதை இப்படியே தரையில விட்டு வச்சீங்கன்னா யாராவது விழுந்துடுவாங்க" என்றார். "இங்க வர்றவங்களுக்கு இது தேவையா? நிலைக்கு மேலாக் கொண்டுபோய் ஒழுங்கா ஆணி அடிச்சு விடுங்க."

"சுவரு கெடுமே டாக்டர்."

"கெட்டா சுண்ணாம்பு அடிச்சுக்கலாம். நமக்குத்தான் ஆளு இருக்காரே."

அவர் போய்விட்டார். அவள் கணவனுக்குப் போன் போட்டாள். அவன் வேனில் பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே இருந்தான்.

"வரும்போது வயருக்கு அடிக்கிற ஆணி வாங்கிட்டு வாங்க. கொக்கி வச்ச ஆணி."

"எத்தனை?"

"இருங்க, எண்ணிச் சொல்றேன்."

போனைக் காதில் வைத்தபடியே எழுந்து, நீல வயரைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்தாள். டேப் ஒட்டியிருந்த ஒவ்வொரு இடத்துக்கும் ஒன்று என்று கணக்கு வைத்துக்கொண்டாள். மூன்றாவது அறையில் பிளாஸ்டர்காரர் அரத்தை நிறுத்திவிட்டு அவளுக்கு வழிவிட்டார். நான்காவது அறையில் பெயிண்டர் இன்னும் நடந்துகொண்டிருந்தார்.